நாஞ்சில், ஏர், கலப்பை: ஒரு கருவி, மூன்று சொற்கள்

ஆனி மாசம் சாரல் ஆரம்பிச்ச வாரம் ஆய்க்குடிக்குப் போயிருந்தேன். மாமா வீட்டுத் தொழுவத்தில் ஒரு பக்கம் ஓடு சரிந்துவிட்டது. மாடு இல்லாமல் போய் பல வருஷம் ஆகிறது, இனி எதுக்குத் தொழுவம், பிரித்துவிட்டு பைக் நிறுத்த ஷெட் போடலாம் என்று வேலை நடந்துகொண்டிருந்தது. பரணில் கிடந்ததையெல்லாம் முற்றத்தில் இறக்கிப் போட்டார்கள். ஓட்டை மரக்கால், துருப்பிடித்த பண்ணருவா, கூடவே ஒரு மரக்கலப்பை.

மாமா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதானப்பா ஏரு? எங்க தமிழ் புக்ல படம் போட்டிருக்கு" என்றாள்.

"ஆமா, கலப்பை. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மாமா.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி விடவில்லை. "ரெண்டும் எப்படிட்டி ஒண்ணாகும்? இது கலப்பை. மாட்டைப் பூட்டி வயல்ல நிறுத்தினாத்தான் ஏரு. மாடு இல்லாம என்ன ஏரு?"

நான் சும்மா இருக்காமல், "நாஞ்சில்னு சொல்லுவாங்களா ஆச்சி?" என்று கேட்டேன். ஆச்சி சிரித்துவிட்டார். "அது நாரோயில் பக்கம்லா!"

ஒரு கருவி, மூன்று சொற்கள். ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்னொன்று மாட்டோடு போய்விட்டது. மூன்றாவது ஊர்ப்பெயராகிவிட்டது. இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன, அக்கம்பக்கத்து மொழிகளில் என்ன ஆயின என்று அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

ஏர்: ஆச்சி சொன்னதுதான் அகராதியும் சொல்கிறது

பேச்சு வழக்கை "கொச்சை"ன்னு ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கணும். ஏர் என்பதற்கு அகராதிகள் கலப்பை என்று பொருள் தருவதோடு, பூட்டிய ஒரு ஜோடி உழவுமாடு என்றும் தருகின்றன. தெலுங்கிலும் 'ஏரு' உண்டு. அங்கே முதல் உழவுக்கு 'ஏருவாக' என்று பெயர். அந்த நாளுக்கு ஏருவாக பௌர்ணமி என்று ஒரு திருநாளே இருக்கிறது. நம் தென்மாவட்டங்களில் சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுவது போலத்தான். மாட்டுக்குப் பொட்டு வைத்து, சூரியனைக் கும்பிட்டு, ஊர்ப் பொதுவில் வரிசையாக ஏர் ஓட்டி வருஷத்தைத் தொடங்குவார்கள்.

ஏர் ஒரு பொருளின் பெயர் என்பதைவிட ஒரு சேர்க்கையின் பெயர். மரம், இரும்பு, கயிறு, ரெண்டு மாடு, பின்னால் ஒரு ஆள். அதனால்தான் அது அளவாகவும் ஆனது. "நாலு ஏர் வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்று சொன்னால், கேட்பவர் நாலு கலப்பையை நினைக்க மாட்டார். நாலு ஜோடி மாடு, நாலு ஆள், ஒரு நாள் வேலை என்று கணக்குப் போடுவார். திருக்குறளில் 'உழவு' அதிகாரம் ஏர் என்ற சொல்லை எடுத்துக்கொண்டதும் பொருத்தம்தான். அங்கே பேச்சு கருவியைப் பற்றி அல்ல, தொழிலைப் பற்றி.

கலப்பை: பாணர் தோளில் தொங்கிய சொல்

"மண்ணைக் கலக்குறதால கலப்பை"ன்னு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய இலக்கியத்தைத் திறந்தால் வேறொரு கதை வருகிறது.

புறநானூற்றில் 206ஆம் பாட்டு ஔவையார் பாடியது. பரிசில் தராமல் காக்க வைத்த அதியமானின் வாயில்காவலனிடம் கோபமாகப் பேசிவிட்டு, மூட்டை கட்டிக் கிளம்புகிறார். அந்த மூட்டைக்குப் பெயர் கலப்பை! யாழ் முதலான இசைக்கருவிகளைப் போட்டுக் கட்டிய பை. கலம் என்றால் கருவி, பாத்திரம், கப்பல், நகை என்று பல பொருள் உண்டு. கலம் போட்ட பை கலப்பை. அதே பாட்டின் முடிவில், தச்சனின் பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குப் போனால் மரத்துக்குப் பஞ்சமா என்கிற மாதிரி ஓர் உவமையும் வருகிறது. கைத்தொழில் தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் சோறு கிடைக்கும் என்கிறார்.

பாணரின் பை எப்படி உழவரின் கலப்பை ஆச்சு? ஒரே பாய்ச்சலில் அது இதாக மாறியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கலப்பை என்பதற்கு உழுபடைச் சாமான்களின் தொகுதி என்ற பொருளும் அகராதியில் உண்டு. 'கலம்' என்ற வேரோடு வைத்துப் பார்த்தால் ரெண்டும் அடுத்தடுத்த வீடுதான். பாணருக்கு 'சாமான்' யாழும் முழவும். உழவருக்கு 'சாமான்' கொழுவும் மேழியும். இன்றைக்கும் கொத்தனாரும் எலக்ட்ரீசியனும் "சாமான் எடுத்துட்டு வரேன்"ன்னு சொன்னால் அவரவர் சாமான்தானே வரும்? "மண்ணைக் கலக்குவது" என்ற விளக்கத்தைவிட எனக்கு இது நம்பும்படியாக இருக்கிறது. மலையாளத்திலும் உழுகருவிக்குப் பெயர் 'கலப்ப'தான்.

நாஞ்சில்: நம் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது

மூன்றில் பழமையானதும் ரொம்ப தூரம் போனதும் இதுதான். சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. பலராமனுக்குத் தமிழில் நாஞ்சிலோன் என்று பெயர், கலப்பையை ஆயுதமாக வைத்திருப்பதால். பொதிய மலையை ஆண்ட ஆய் அண்டிரனைப் பாடிய அதே புறநானூறு, தெற்கே நாஞ்சில் மலைக்குரிய நாஞ்சில் வள்ளுவனையும் பாடுகிறது. அந்த ஆயின் குடிதான் எங்கள் ஆய்க்குடி என்று ஊரில் பெருமையாகச் சொல்லுவாங்க.

இன்றைக்குத் தமிழில் நாஞ்சில் என்றால் நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாடு, அப்புறம் நாஞ்சில் நாடன். திருவிதாங்கூரிலிருந்து அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதே நாளில்தான் எங்களுக்குப் பக்கத்துச் செங்கோட்டையும் வந்தது. வயலில் நிற்கிற எந்தத் தமிழ் உழவரும் கலப்பையை நாஞ்சில் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆனால் எல்லையைத் தாண்டிப் பாருங்கள்:

கன்னடத்தில் நேகிலு. குவெம்புவின் புகழ்பெற்ற 'நேகில யோகி' பாட்டு உழவனைப் பற்றியதுதான்.
தெலுங்கில் நாகலி.
கோலாமியில் நாங்க்லி, பர்ஜியில் நாங்கில், கோண்டியில் நாங்கேல். இவை நடு இந்தியாவில் பேசப்படும் திராவிட மொழிகள்.

நாம் புத்தகத்தில் வைத்துப் பூட்டிய சொல்லை அவர்கள் தினசரி வயலில் புழங்குகிறார்கள். 1961இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி (இரண்டாம் பதிப்பு 1984) இவற்றையெல்லாம் ஒரே பதிவில் அடுக்கியிருக்கிறது.

சரி, நாஞ்சிலும் நேகிலும் ஒன்று என்று எப்படிச் சொல்ல முடியும்? காதுக்கு அப்படி ஒன்றும் ஒத்துப்போகவில்லையே. காதை நம்பக் கூடாது, வரிசையைத்தான் நம்பணும். மூணு படியாகப் பார்க்கலாம்.

முதல் படி. நாஞ்சிலின் பழைய வடிவம் ஞாஞ்சில். சொல்லின் முதலில் வரும் ஞ தமிழில் பல இடங்களில் ந ஆகியிருக்கிறது. ஞண்டு இன்றைக்கு நண்டு (மலையாளத்தில் இப்பவும் ஞண்டுதான்). ஞாண் இன்றைக்கு நாண்.

இரண்டாம் படி. தமிழின் 'ஞா' கன்னடத்தில் 'நே' ஆகிறது. நம் ஞாயிறு அங்கே நேசரு. நம் ஞாண் அங்கே நேணு. அப்படியானால் ஞாஞ்சிலும் 'நே' என்றுதானே தொடங்கணும்? தொடங்குகிறது.

மூன்றாம் படி. இ, எ மாதிரி உயிருக்கு முன்னால் கன்னடத்தில் 'க' இருக்கிற இடத்தில் தமிழில் 'ச' வரும். அங்கே கிவி, இங்கே செவி. அங்கே கேரி, இங்கே சேரி. அங்கே கெம்பு, இங்கே செம்மை. இதில் பழையது க, நாம்தான் மாற்றினோம். நேகிலில் 'கி', நாஞ்சிலில் 'சி'. அதுவும் சரியாக உட்காருகிறது.

இதுதான் சொல்லாராய்ச்சியின் அடிப்படை. ரெண்டு சொல் ஒரே மாதிரி ஒலிப்பது சாட்சியல்ல. வேறுபாடு கூட ஒரு ஒழுங்கோடு, பல சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் சாட்சி. கலப்பையின் கைப்பிடியான மேழியை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் அது மேடி. "என்ன சம்பந்தம்?" என்று தோணும். ஏழு அங்கே ஏடு, கோழி அங்கே கோடி என்று அடுக்கிப் பார்த்தால், மேழி மேடியாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வடக்கே போன சொல்லா, வடக்கிலிருந்து வந்த சொல்லா?

ரிக் வேதத்தின் நாலாம் மண்டலத்தில் வயலுக்கான ஒரு சூக்தம் இருக்கிறது. அதில் கலப்பைக்கு 'லாங்கல' என்ற சொல் வருகிறது. பாலியில் அது நங்கல. மராத்தியில் நாங்கர், வங்காளத்தில் லாங்கல், சிங்களத்தில் நகுல. நாஞ்சிலோடு இவற்றுக்கு உறவு இருக்கிறது என்பதில் அறிஞர்களிடையே பெரிய தகராறு இல்லை. யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதில்தான் தகராறு.

லாங்கலவுக்கு இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில், அதாவது லத்தீன், கிரேக்கம், ஜெர்மானிய மொழிகளில், சொந்தபந்தம் கிடையாது. அதனால் சமஸ்கிருதம் அதை இந்திய மண்ணில் கடன் வாங்கியது என்ற கருத்து வலுவானது. வாங்கியது திராவிடத்திடம் என்பது ஒரு கட்சி. கோண்டி, கோலாமி வரைக்கும் பரவியிருப்பதை அவர்கள் காட்டுவார்கள். ஆனால் அந்த ஊர்களில் மராத்தி நாங்கரும் பக்கத்திலேயே இருப்பதால், அந்தச் சாட்சியத்தை மட்டும் வைத்து வழக்கை முடிக்க முடியாது.

இன்னொரு கட்சி கிழக்கே பார்க்கிறது. 1920களில் பிரெஞ்சு அறிஞர் ழான் பிரிசிலுஸ்கி, இது ஆஸ்திரோ-ஆசிய மொழிகளிலிருந்து வந்தது என்று வாதிட்டார். காசி மொழியில் (காசி ஊரல்ல, மேகாலயாவில் பேசுகிற மொழி) கலப்பைக்கு லிங்கோர். மலாயில் தெங்காலா. இதைப் பார்த்தால் அந்த வாதத்தையும் சும்மா தள்ள முடியாது.

"எல்லாம் தமிழிலிருந்து போனது"ன்னு ஒரு வரியில் எழுதினால் லைக் நிறைய வரும். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவன்தான். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. உழவு தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுத்தபோது கருவியோடு பெயரும் போயிருக்கிறது. கங்கைக் கரையிலிருந்து மலாயா வரைக்கும் ஒரே சொல்லின் சாயல் இருக்கிறதென்றால், அத்தனை பேரும் எங்கோ ஒரு வயலின் வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது எந்த ஒரு மொழியின் பெருமையையும்விடப் பெரிய செய்தி.

ஐரோப்பாவில் நடந்ததும் இதே கதை

இங்கிலீஷில் ப்ளவ், ஜெர்மனில் ப்ஃலூக், டச்சிலும் ஸ்வீடிஷிலும் ப்ளூக். பார்த்தால் ஒரே குடும்பம், ஆதியிலிருந்தே இருந்த சொல் மாதிரித்தான் தெரியும். ஆனால் இல்லை.

கோத்திக் மொழியில் 4ஆம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதில் கலப்பைக்குச் சொல் ஹோஹா. பழைய இங்கிலீஷில் ஸுல்ஹ். பழைய நார்ஸில் அர்த்ர். ப்ளவ் பிற்பாடு வந்து இவற்றையெல்லாம் தள்ளிவிட்டது. அது வெளிச்சொல்லாக இருக்கலாம் என்று சந்தேகிக்க ஒரு காரணம் உண்டு: பழைய ஜெர்மானியச் சொற்களில் 'ப' என்று தொடங்குபவை மிகக் குறைவு. அப்படித் தொடங்குகிற பெப்பர் போன்றவை பல, வெளியிலிருந்து வந்தவை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, ஆல்ப்ஸ் பக்கத்து ரேட்டியாவில் சக்கரம் வைத்த புது மாதிரிக் கலப்பை ஒன்றைப் பற்றி எழுதினார். அதற்கு அவர் தரும் உள்ளூர்ப் பெயரின் முதல் பாதியில் இந்தச் சொல்தான் ஒளிந்திருக்கிறது என்பது பலர் கருத்து.

கருவி மாறியதுதான் இங்கே முக்கியம். பழைய கருவி மண்ணைக் கீறும், புரட்டாது. நம் நாட்டு மரக்கலப்பையும் அந்த வகைதான். வடக்கு ஐரோப்பாவின் கனமான ஈரமண்ணுக்கு மண்ணைப் புரட்டிப் போடும் கலப்பை தேவைப்பட்டது. புதுக் கருவி வந்தது, புதுச் சொல்லும் நின்றது. பழைய சொற்களில் அர்த்ரின் வம்சத்தை இன்றைக்கு அகழாய்வாளர்கள் கீறு கலப்பைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஸுல்ஹ், இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமத்துப் பேச்சில் மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. நம் நாஞ்சில் ஊர்ப்பெயரில் தங்கியது மாதிரி.

இன்னொரு ஒற்றுமை. பழைய இங்கிலீஷில் ப்ளவ்வின் மூதாதைச் சொல் நில அளவையும் குறித்தது. ஆச்சியின் 'நாலு ஏர்' கணக்கு அங்கேயும் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கு, நானே விழுந்திருக்கேன். பழைய இங்கிலீஷில் 'உழு' என்பதற்கு 'எரியன்' என்று ஒரு வினை உண்டு. 1611 பைபிளில் கூட 'இயரிங்' என்று உழவைக் குறித்து வருகிறது. லத்தீனில் அராரே. உடனே "பாத்தீங்களா, நம்ம ஏர்!" என்று துள்ளத் தோணும். ஆனால் மேலே சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். ஞாயிறு–நேசரு, ஞாண்–நேணு மாதிரி துணைக்கு வரிசையாக வருகிற சொற்கள் இதற்கு இல்லை. ஒற்றைச் சின்னச் சொல், தற்செயலாக ஒத்துப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. துள்ளலை அடக்கிக்கொண்டேன்.

எது தங்கும், எது போகும்?

மறுநாள் காலையில் மாமா வயலுக்குக் கார் நடவுக்கு உழவு. டிராக்டர்காரர் போனில் கேட்டார்: "அண்ணாச்சி, அஞ்சு கலப்பையா, ஒம்பது கலப்பையா?"

எனக்கு ஒரு நிமிஷம் மனசு நின்றுவிட்டது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கொழுக்கள் அஞ்சா, ஒன்பதா என்பதுதான் கேள்வி. மரம் போய் இரும்பு வந்தது, மாடு போய் டீசல் வந்தது, கலப்பை மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன் அதற்கு மட்டும் இந்த ஆயுசு? 'சாமான்' என்ற பழைய பொருள் உள்ளே இருப்பதால் என்று நினைக்கிறேன். எந்தச் சாமான் வந்தாலும் அந்தப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஏர் அப்படியில்லை. அதற்கு மாடு வேண்டும். டிராக்டரை யாரும் ஏர் என்று சொல்வதில்லை. பொன்னேர் என்று சடங்கிலும் பழமொழியிலும் பாடப்புத்தகப் படத்திலும்தான் அது இனி இருக்கும்.

சொல்லின் கதி இப்படி என்றால், உறுப்புகளின் பெயர்கள் கதி இன்னும் மோசம். கம்பர் பெயரில் வழங்கும் ஏரெழுபது என்ற நூல் மேழிக்கு ஒரு பாட்டு, கொழுவுக்கு ஒரு பாட்டு, கொழுவை இறுக்கும் ஆணிக்கு ஒரு பாட்டு என்று ஒவ்வொன்றாகப் பாடி வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆணிக்குக்கூடப் புகழ் இருந்தது! முற்றத்தில் கிடந்த கலப்பையைக் காட்டி மாமாவிடம் பேர் கேட்டேன். மேழி, கொழு, ஏர்க்கால், நொகத்தடி, பூட்டாங்கயிறு என்று கடகடவென்று சொன்னவர், கொழுவுக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஆப்பைத் தொட்டதும் நின்றுவிட்டார். "இதுக்கு ஒரு பேரு உண்டு மருமகனே. எங்கய்யா சொல்லுவாரு. நாக்குல நிக்கி, வர மாட்டேங்குது." ஆச்சியிடம் கேட்டோம். அவருக்கும் வரவில்லை. "உழுதது அவுகள்லா, நான் கஞ்சி கொண்டு போனவ" என்றார்.

நேகிலும் நாகலியும் இருப்பதால் நாஞ்சிலை மீட்டுவிட முடிந்தது. அந்த ஆப்பின் பெயரை எந்தப் பக்கத்து வீட்டில் போய்த் தேடுவது?

ஒன்று செய்தோம். கலப்பையை விறகுக்குப் போடாமல் திண்ணைச் சுவரில் சாத்தி வைத்தோம். மாமா மகள் மாமா சொன்ன பெயரையெல்லாம் காகிதத்தில் எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டினாள். அந்த ஆப்பில் மட்டும் வெறும் காகிதம் ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் பரணில் ஒன்று கிடக்கலாம், திண்ணையில் தெரிந்தவர் ஒருவர் இருக்கலாம். இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். ஊர்ப் பேரையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் அது மாறும்.